நடுவில் இருக்கிறவங்க மட்டும்: தம்ப்நெயில் எப்படி உருவாகுது, யாரை விட்டுடுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வைத்துக்கொண்டு, படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் ஒரு போன் கால்ல இருந்து ஆரம்பிக்குது.

சில வருஷம் முன்னாடி, ஒரு பள்ளிக்கூடத்தோட முன்னாள் மாணவர்களுக்காக ஒரு வெப்சைட் செஞ்சு கொடுத்தேன். காசு எல்லாம் கிடையாது. தெரிஞ்சவங்க கேட்டாங்க, செஞ்சேன். வருஷா வருஷம் எடுத்த குரூப் போட்டோக்களை ஸ்கேன் பண்ணி அனுப்பினாங்க. முகப்புப் பக்கத்துல அதையெல்லாம் சதுரம் சதுரமா அடுக்கினேன். ஒரு சதுரத்தைத் தொட்டா முழுப் படம் பெருசா திறக்கும். பார்க்க நல்லாத்தான் இருந்தது. வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு பொண்ணு கூப்பிட்டாங்க. "அண்ணா, எங்க தாத்தா அந்த ஸ்கூல்ல வாட்ச்மேனா இருந்தாரு. எல்லா வருஷ போட்டோவுலயும் நிப்பாரு. உங்க பக்கத்துல ஒண்ணுல கூட அவரைக் காணோமே, எடுத்துட்டீங்களா?"

நான் யாரையும் எடுக்கல. முழுப் படத்தைத் திறந்து பார்த்தேன். அவர் இருக்காரு. ஓரத்துல, கடைசி ஆளா. சதுரத்துல மட்டும்தான் இல்லை. சரி, இது ஒரு படத்துல நடந்த தவறுன்னு நினைச்சு அடுத்ததைப் பார்த்தேன். அதுலயும் இல்லை. ஒண்ணு விடாம எல்லாச் சதுரத்துலயும் அவர் இல்லை.

யோசிச்சுப் பார்த்தா காரணம் ரொம்பச் சாதாரணம். நம்ம ஊர் குரூப் போட்டோவுல யார் எங்கன்னு எழுதாத ஒரு சட்டம் இருக்கு. நடு நாற்காலி ஹெட்மாஸ்டருக்கு. ரெண்டு பக்கமும் தாளாளர், சீனியர் டீச்சர்ஸ். பின்னாடி பெஞ்ச் மேல பசங்க. அட்டெண்டர், ஆயாம்மா, வாட்ச்மேன் எல்லாம் ஓரம். நான் எழுதின கோடுக்கு இது எதுவும் தெரியாது. அதுக்கு நான் சொல்லி வெச்சது ஒரே விஷயம்: நடுவை வெச்சுக்கோ, ரெண்டு பக்கமும் வெட்டு.

அந்த ஒரு வரியைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப் போறோம். வெப்சைட்ல நீங்க ஒரு படம் போட்டதும், தானா ஒரு சின்னப் படம் உருவாகுதே, அந்த தம்ப்நெயில், அதுக்குள்ள என்ன நடக்குது? அதுல எது வெறும் கணக்கு, எது ஒருத்தரோட முடிவு?

முதல்ல, ஏன் சின்னதாக்கணும்?

தம்ப்நெயில்னா கட்டைவிரல் நகம். நகம் சைஸ் படம்னு அர்த்தம். கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஓவியர்கள் பெரிய படம் வரையுறதுக்கு முன்னாடி கிறுக்கிப் பார்க்கிற சின்ன ஸ்கெட்ச்சுக்கு இந்தப் பேர் இருந்தது.

இப்போ ஒரு கணக்கு. 12 மெகாபிக்சல் கேமரா இருக்கிற போன்ல ஒரு போட்டோ எடுக்கறீங்க. அகலம் 4,000 பிக்சல், உயரம் 3,000 பிக்சல். பெருக்கினா 1.2 கோடி பிக்சல். ஜேபெக் ஃபைலா சேமிச்சா சுமார் 3, 4 எம்.பி. வரும்.

ஒரு பக்கத்துல இந்த மாதிரி 40 போட்டோ இருக்குன்னு வைங்க. ஒவ்வொண்ணும் 4 எம்.பி. மொத்தம் 160 எம்.பி. தினசரி ஒன்றரை ஜி.பி. பேக் போட்டிருக்கிற ஒருத்தர் அந்தப் பக்கத்தை ஒன்பது தடவை திறந்தா அன்னிக்கு டேட்டா காலி. அதே 40 படத்தையும் ஆளுக்கு 15 கே.பி. தம்ப்நெயிலா கொடுத்தா மொத்தமே 600 கே.பி.தான்.

இங்க புதுசா வெப்சைட் செய்யுறவங்க அடிக்கடி ஏமாறுற ஒரு இடம் இருக்கு. எச்.டி.எம்.எல்.ல படத்தோட அகலம் 150 பிக்சல்னு எழுதிட்டா படம் சின்னதாத் தெரியும். ஆனா உள்ள வந்து இறங்குறது அதே 4 எம்.பி. ஃபைல்தான். டவுன்லோட் பண்ணின பிறகு பிரவுசர் அதைச் சின்னதாக் காட்டுது, அவ்வளவுதான். கல்யாண சமையல் அண்டாவுல பாயசம் கொண்டு வந்து ஒரு டம்ளர் மட்டும் ஊத்திட்டு அண்டாவைத் திருப்பி அனுப்புற மாதிரி. வண்டி வாடகை முழு அண்டாவுக்கும் சேர்த்துதான்.

அதனால சின்னப் படத்தைத் தனி ஃபைலா செஞ்சு வைக்கணும். அதுவும் கையால முடியாது, தானா நடக்கணும். வேர்ட்பிரஸ்ல நீங்க ஒரு பெரிய படத்தைப் போட்டதும், அது பின்னாடி பல சைஸ்ல பிரதி எடுத்து வெச்சுக்குது: 150, 300, 768, 1,024 பிக்சல்னு. பெரிய இடத்துல இது எவ்வளவு பெரிய வேலைன்னு பார்க்கணுமா? ஃபேஸ்புக் 2010ல தன்னோட போட்டோ சேமிப்பு முறை பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டது. அப்போ வரைக்கும் மக்கள் ஏத்தின போட்டோ 6,500 கோடி. ஒவ்வொண்ணையும் நாலு சைஸ்ல வெச்சிருந்ததால, சேமிச்ச படங்கள் 26,000 கோடி. 20 பெட்டாபைட்டுக்கு மேல இடம். இது 2010 கதை.

சுருக்குறது: இது கணக்கு

4,000 பிக்சல் அகலத்தை 400 ஆக்கணும். உயரமும் அதே மாதிரி பத்துல ஒரு பங்கு. அப்போ பழைய படத்துல பத்துக்குப் பத்து கட்டம், அதாவது 100 பிக்சல் சேர்ந்து, புதுப் படத்துல ஒரே ஒரு பிக்சல் ஆகணும். நூறு பேர் சார்பா ஒருத்தர் வரணும். யாரை அனுப்புறது?

சோம்பேறி வழி ஒண்ணு இருக்கு. நூறுல ஏதோ ஒண்ணை எடுத்துக்கோ, மீதி 99ஐத் தூக்கிப் போடு. வேகமா நடக்கும். ஆனா மார்கழி மாசம் வாசல்ல போட்ட ஒரு புள்ளிக் கோலத்தை மாடியில இருந்து போட்டோ எடுத்து இப்படிச் சுருக்கிப் பாருங்க. கோலத்தோட இழை ரெண்டு மூணு பிக்சல் தடிமன்தான் இருக்கும். நாம எடுத்த அந்த ஒரு பிக்சல் இழை மேல விழுந்தா கோடு இருக்கும், பக்கத்துல விழுந்தா கோடு போச்சு. கோலம் அங்கங்க அறுந்து நிக்கும். சின்னக் கட்டம் போட்ட சட்டைன்னா இன்னும் மோசம். சட்டையில இல்லாத அலை அலையான கோடு புதுசா முளைக்கும்.

நல்ல வழி, நூறு பேரையும் கேட்டுச் சராசரி எடுக்கிறது. இழை மெலிசாகும், மங்கும், ஆனா அறுந்து போகாது. இன்னும் நுணுக்கமான முறைகள் அந்தக் கட்டத்துக்கு வெளியில இருக்கிற பிக்சலையும் எட்டிப் பார்க்கும். பக்கத்துல இருக்கிறதுக்கு அதிக மதிப்பு, தள்ளி இருக்கிறதுக்குக் குறைச்சல். லான்சோஸ்னு ஒரு முறையைப் பல மென்பொருள்ல பார்த்திருப்பீங்க. கொர்னேலியஸ் லான்சோஸ்ங்கிற ஹங்கேரிக் கணித அறிஞரோட பேர் அது.

இந்தப் பகுதியை நான் கணக்குன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இங்க நல்ல விடை, மோசமான விடைன்னு ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்க முடியும். மூலப் படத்துல இருந்த எல்லாமே சின்னதுலயும் இருக்கு, அளவுதான் குறைஞ்சிருக்கு. யாரும் காணாம போகல. வாட்ச்மேன் தாத்தா இன்னும் ஓரத்துல நிக்கிறாரு, கடுகு சைஸ்ல.

பிரச்சனை அடுத்த படியில.

வெட்டுறது: இது முடிவு

உங்க படம் செவ்வகம். நீங்க வெச்சிருக்கிற பெட்டி சதுரம். எப்படி நுழைக்கிறது?

மூணே வழிதான். ஒண்ணு, இழுத்துப் பிடிச்சு நுழைக்கலாம். அப்போ முகம் எல்லாம் நெருக்கி நசுங்கிப் போகும். ரெண்டு, முழுப் படமும் தெரியுற மாதிரி சின்னதாக்கி உள்ள வெச்சு, மேலயும் கீழயும் காலி இடம் விடலாம். யாரும் வெளியில போக மாட்டாங்க, ஆனா பக்கம் கொஞ்சம் சீரில்லாமத் தெரியும். மூணு, பெட்டி நிறையிற மாதிரி வெச்சு, மிச்சத்தை வெட்டலாம். பார்க்க அழகு. சி.எஸ்.எஸ்.ல இந்த மூணுக்கும் ஃபில், கன்டெய்ன், கவர்னு பேர். பெரும்பாலான டிசைனர்கள் மூணாவதைத்தான் எடுப்பாங்க. நானும் அதைத்தான் எடுத்தேன்.

வெட்டுறதுன்னா எங்க? நீங்க எதுவும் சொல்லலைன்னா, நடுவை வெச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் சமமா வெட்டும். சமமா வெட்டுதுல்ல, நியாயம்தானேன்னு தோணும். கணக்கு போட்டுப் பார்ப்போம்.

என்கிட்ட வந்த குரூப் போட்டோக்கள் மூணுக்கு ரெண்டு அளவு. அதைச் சதுரமாக்கினா அகலத்துல மூணுல ஒரு பங்கு போகும். இடது பக்கம் ஆறுல ஒரு பங்கு, வலது பக்கம் ஆறுல ஒரு பங்கு. ஒரு வரிசையில 12 பேர் படத்தை நிறைச்சு நின்னா, இந்தப் பக்கம் ரெண்டு பேர், அந்தப் பக்கம் ரெண்டு பேர் காலி. 12 பேர்ல நாலு பேர் அவுட்.

நிமிர்த்திப் பிடிச்சு எடுத்த போட்டோன்னா இன்னொரு கதை. 3,000 அகலம், 4,000 உயரம். இதை யூட்யூப் மாதிரி 16க்கு 9 பெட்டியில நுழைச்சா, உயரத்துல சுமார் 1,690 பிக்சல்தான் மிஞ்சும். படத்துல பாதிக்கு மேல போயாச்சு. ஆள் நிக்கிற படத்துல தலை எங்க இருக்கும்? மேல. நடுவுல இருக்கிறது வயிறு. தலையில்லாத மாப்பிள்ளை பொண்ணு படத்தை எத்தனையோ பக்கத்துல பார்த்திருப்பீங்க. காரணம் இதுதான்.

ஆக, நடுவை வெட்டுறது நடுநிலை கிடையாது. போட்டோகிராபர் யாரை நடுவுல உட்கார வெச்சாரோ அவங்க பக்கம்தான் அது நிக்கும். முக்கியமானவங்க நடுவுலன்னு போட்டோ எடுத்த அன்னிக்கே முடிவாயிடுச்சு. என் கோட் அந்த முடிவை எடுத்துக்கிட்டு இன்னும் ஒரு படி மேல போச்சு. ஓரத்துல நின்னவங்களை இல்லாமலே ஆக்கிடுச்சு.

அப்போ மெஷினே பார்த்து வெட்டட்டுமே?

இந்த யோசனை எல்லாருக்கும் வரும். நடுவை ஏன் வெட்டணும்? படத்துல எது முக்கியமோ அதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சு வெச்சுக்கட்டும். இதை உலகமே பார்க்கிற மாதிரி செஞ்சு பார்த்த ஒரு கம்பெனி உண்டு. ட்விட்டர். இப்போ எக்ஸ்னு பேர் மாறினது.

முதல்ல அவங்க முகத்தைத் தேடுற முறையை வெச்சிருந்தாங்க. முகம் இருந்தா அதை வெச்சு வெட்டும், இல்லைன்னா நடுவை வெட்டும். சாப்பாடு, கட்டடம், நாய்க்குட்டி, மீம்னு முகம் இல்லாத படம் எவ்வளவோ இருக்கே? அதனால 2018 ஜனவரியில புது முறையை அறிவிச்சாங்க. படத்துல மனுஷக் கண்ணு முதல்ல எங்க போகும்னு ஊகிக்கிற ஒரு நியூரல் நெட்வொர்க்.

இது எப்படிக் கத்துக்குது? மக்களை உட்கார வெச்சுப் படங்களைக் காட்டுவாங்க. கண்ணு எங்கெங்க நிக்குதுன்னு ஒரு கருவி பதிவு பண்ணும். முகம், எழுத்து, விலங்கு, வெளிச்சமும் இருட்டும் பளிச்சுன்னு சந்திக்கிற இடம், இங்க எல்லாம் கண்ணு அதிகம் போகும். அந்தப் பதிவுகளை வெச்சு மாடலுக்குப் பயிற்சி கொடுப்பாங்க. அப்புறம் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் இடத்துக்கு இடம் ஒரு மார்க் போடும். எந்த இடம் அதிக மார்க் வாங்குதோ அதைச் சுத்தி வெட்டிடும்.

முழு மாடலை நிமிஷத்துக்கு வந்து குவியிற படங்கள் மேல ஓட விட்டா ரொம்ப நேரம் ஆகும். அதனால பெரிய மாடல்கிட்ட இருந்து ஒரு சின்ன மாடலைக் கத்துக்க வெச்சு, தேவையில்லாத பகுதிகளைக் கழிச்சு, பத்து மடங்கு வேகமாக்கினாங்க. இன்ஜினியரிங்கா பார்த்தா நிஜமாவே அருமையான வேலை.

2020 செப்டம்பர்ல விஷயம் வெடிச்சது. கனடாவைச் சேர்ந்த ஒரு ஆராய்ச்சியாளர், வீடியோ கால்ல தன்னோட கறுப்பின சக ஊழியரோட தலையை வர்ச்சுவல் பேக்ரவுண்ட் அழிச்சுடுதுன்னு சொல்றதுக்காக ரெண்டு பேரும் இருக்கிற ஸ்க்ரீன்ஷாட்டை ட்விட்டர்ல போட்டாரு. அங்க ப்ரிவ்யூவுல தெரிஞ்சது அவரோட வெள்ளை முகம் மட்டும். ஒரு ஆப் பண்ற தப்பைக் காட்ட வந்த இடத்துல இன்னொரு ஆப் அதே மாதிரி தப்பைப் பண்ணுச்சு.

உடனே ஆளாளுக்கு சோதனை பண்ண ஆரம்பிச்சாங்க. அதுல ஒண்ணு ரொம்பப் பிரபலம். நீளமான ஒரு படம். ஒரு முனையில பராக் ஒபாமா, இன்னொரு முனையில அமெரிக்க செனட்டர் மிட்ச் மெக்கானெல். நடுவுல வெறும் வெள்ளை. ரெண்டு முகமும் பெட்டிக்குள்ள அடங்காது, ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ப்ரிவ்யூவுல மெக்கானெல் வந்தாரு. இடத்தை மாத்தி வெச்சாங்க. அப்பவும் மெக்கானெல்தான் வந்தாரு.

இப்படி ஒண்ணு ரெண்டு படத்தை வெச்சு ஒரு மாடலே பாரபட்சமானதுன்னு முடிவு கட்ட முடியாது. வெளிச்சம், பின்னணி, சிரிப்புன்னு எது வேணும்னாலும் காரணமா இருக்கலாம். ட்விட்டர் தரப்புலயும், வெளியிடுறதுக்கு முன்னாடி சோதிச்சோம், அப்போ பாரபட்சம் தெரியல, மறுபடி பார்க்கிறோம்னு சொன்னாங்க. சொன்ன மாதிரி பார்த்தாங்க. 2021 மே மாசம் முடிவை அவங்களே வெளியிட்டாங்க.

ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்த்து, மாடல் யாரைத் தேர்ந்தெடுக்குதுன்னு எண்ணினாங்க. ஆண், பெண் ஜோடியில, சமநிலையில இருந்து 8 சதவீதம் பெண்கள் பக்கம் சாய்வு. வெள்ளையர், கறுப்பினத்தவர் ஜோடியில 4 சதவீதம் வெள்ளையர் பக்கம். பெண்களை மட்டும் எடுத்தா 7 சதவீதம் வெள்ளைப் பெண்கள் பக்கம். ஆண்கள்ல 2 சதவீதம் வெள்ளை ஆண்கள் பக்கம்.

இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது. பெண்கள் படத்துல முகத்தை விட்டுட்டு உடம்பை வெச்சு வெட்டுதுன்னு. அதையும் பார்த்தாங்க. 100 படத்துல சுமார் மூணுலதான் தலையை விட்டு வேற இடத்துக்குப் போச்சு. அந்த மூணும் பெரும்பாலும் விளையாட்டு ஜெர்சியில இருக்கிற நம்பர் மாதிரி விஷயங்கள். அதாவது, எல்லாப் புகாரும் உறுதியாகல. சிலது ஆச்சு, சிலது ஆகல. எண்ணிப் பார்த்ததாலதான் அது தெரிஞ்சது.

அரை மார்க் விவகாரம்

"4 சதவீதமா? அது சின்ன வித்தியாசம்தானே"ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. இங்கதான் நான் இந்த எபிசோட் பண்ணினதோட காரணமே இருக்கு.

இன்ஜினியரிங் கவுன்சலிங் கட் ஆஃப் ஞாபகம் இருக்கா? ரெண்டு பேருக்கு நடுவுல அரை மார்க்தான் வித்தியாசம். ஆனா விளைவு அரை சீட் வித்தியாசமா வருதா? இல்லை. ஒருத்தருக்கு சீட் இருக்கு, இன்னொருத்தருக்கு இல்லை. மார்க்ல இருந்த சின்ன இடைவெளி, முடிவுல பள்ளத்தாக்கு ஆயிடுது.

க்ராப்பும் அப்படித்தான். மாடல் ஒரு முகத்துக்கு இன்னொரு முகத்தை விட நூலிழை அதிகமா மார்க் போட்டாப் போதும். அதிக மார்க் வாங்கின ஒரே இடத்தைத்தான் எடுத்துக்கணும்னு விதி. ஜெயிச்சவர் முழுசா உள்ள, தோத்தவர் முழுசா வெளியில. ரெண்டாவது இடத்துக்கு ஆறுதல் பரிசு கிடையாது. மாடலை எவ்வளவு திருத்தினாலும் இந்த விதி இருக்கிற வரைக்கும் நூலிழை வித்தியாசம் ஒருத்தரை மறைச்சுடும். ட்விட்டர் ஆராய்ச்சியாளர்களோட கட்டுரையும் இதைத்தான் சொல்லுது: அதிக மார்க் வாங்கினதை மட்டும் எடுக்கிற அந்தப் படிதான் சின்னச் சாய்வைப் பெருசாக்குது.

அவங்க எடுத்த முடிவு என்ன தெரியுமா? இன்னும் நல்ல மாடல் செய்யுறதில்லை. மெஷின் வெட்டுறதையே கைவிட்டாங்க. அந்த மே மாசமே போன் ஆப்ல, வழக்கமான அளவுல இருக்கிற தனிப் படத்தை வெட்டாம முழுசா காட்ட ஆரம்பிச்சாங்க. போஸ்ட் போடுறதுக்கு முன்னாடியே படம் எப்படித் தெரியும்னு போடுறவருக்குக் காட்டினாங்க. அப்போ அந்தக் குழுவுக்குத் தலைமை வகிச்ச ருமான் சவுத்ரி சொன்னதோட சாரம் இது: எல்லாத்தையும் அல்காரிதம்கிட்ட கொடுக்க வேண்டியதில்லை, படத்தை எப்படி வெட்டுறதுங்கிறது மனுஷங்க எடுக்க வேண்டிய முடிவு.

கதை அதோட முடியல. 2021 ஆகஸ்ட்ல, டெஃப்கான்ங்கிற ஹேக்கர் மாநாட்டை ஒட்டி, அந்தப் பழைய மாடலை வெளியில கொடுத்து, "இதுல நாங்க பார்க்காத பாரபட்சம் என்ன இருக்குன்னு கண்டுபிடிங்க"ன்னு போட்டி வெச்சாங்க. முதல் பரிசு 3,500 டாலர். ஜெயிச்சவர் கம்ப்யூட்டர்ல செயற்கையா முகங்களை உருவாக்கி, கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பார்த்தாரு. முகத்தை ஒல்லியாக்கினா, இளமையாக்கினா, தோலை வெளுப்பாக்கினா, மழமழன்னு ஆக்கினா மார்க் ஏறுது. ஃபேர்னெஸ் க்ரீம் விளம்பரம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன? அந்த விளம்பரத்தோட கண்ணு ஒரு மாடலுக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான்.

ரெண்டாவது பரிசு வாங்கின குழு, குரூப் போட்டோவுல நரைச்ச தலைகள் வெளியில போறதைக் காட்டினாங்க. மூணாவது பரிசு, எழுத்து இருக்கிற மீம்கள் பத்தினது. ஆங்கில எழுத்தும் அரபு எழுத்தும் இருந்தா மாடல் ஆங்கிலத்தின் பக்கம் சாயுது. ரெண்டு மொழியில மீம் போடுற யாரும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். ப்ரிவ்யூவுல எந்த மொழி முதல்ல தெரியும்னு யாரு முடிவு பண்றாங்க?

சரி, நீங்க வெப்சைட் செய்யுறவங்கன்னா

கடைக்கு, கல்யாணத்துக்கு, காலேஜ் கிளப்புக்குன்னு நம்மள்ல நிறைய பேர் ஒரு பக்கம் செஞ்சிருப்போம். அதுக்கு நான் பட்டுக் கத்துக்கிட்டது இது.

சுருக்குறதைத் தயங்காம மெஷின்கிட்ட கொடுங்க. மூணு நாலு சைஸ் போதும். இன்னிக்கு போன்கள்ல ஒரு பிக்சல்னு நாம எழுதுற இடத்துல ரெண்டு, மூணு நிஜ பிக்சல் இருக்கும். அதனால 150 பெட்டிக்கு 300, 450 சைஸ் படமும் வெச்சிருங்க. எது தேவையோ அதை பிரவுசரே எடுத்துக்க எச்.டி.எம்.எல்.ல வழி இருக்கு. அகலம், உயரம் ரெண்டையும் எழுதிடுங்க. இல்லைன்னா படம் வந்து இறங்கும்போது பக்கம் குதிக்கும், படிச்சுக்கிட்டு இருந்தவர் விரல் வேற எதையாவது அமுக்கிடும்.

போன் போட்டோவை முதல்ல நேரா நிமிர்த்துங்க. பல போன்கள் படத்தைப் படுக்க வெச்சே சேமிச்சுட்டு, "இதைத் திருப்பிக் காட்டு"ன்னு ஒரு குறிப்பை உள்ள வைக்கும். படத்தைத் திருப்பாம அந்தக் குறிப்பை மட்டும் அழிச்சா ஆள் சாய்ஞ்சு படுத்திருப்பாரு. திருப்பின பிறகு குறிப்புகளை அழிச்சுடுங்க. போட்டோ எடுத்த இடத்தோட ஜி.பி.எஸ். கூட அதுல இருக்கலாம், அது ஊருக்கே தெரிய வேண்டியதில்லை.

வெட்டுறதை மட்டும் மெஷின்கிட்ட அப்படியே விடாதீங்க. படம் ஏத்துறவர் ஒரு புள்ளி வைக்க வழி கொடுங்க: "இந்த இடம் எப்பவும் தெரியணும்." ஒரு தொடுதல் வேலைதான். எந்த அளவுல வெட்டினாலும் அந்தப் புள்ளியைச் சுத்தி வெட்டும். வெட்டினா எப்படித் தெரியும்னு அப்பவே அவருக்குக் காட்டுங்க. மூலப் படத்தை எப்பவும் பத்திரமா வெச்சிருங்க. குரூப் போட்டோவை வெட்டவே வெட்டாதீங்க. குரூப் போட்டோவோட அர்த்தமே எல்லாரும் இருக்காங்கங்கிறதுதான். காலி இடம் வந்தா வரட்டும்.

கடைசியா, சோதிச்சுப் பார்க்கும்போது டிசைன் டெம்ப்ளேட்டோட வர்ற அழகான மாடல் படங்களை வெச்சு மட்டும் பார்க்காதீங்க. அதுல எல்லாம் ஒரே ஆள் நடுவுலதான் நிப்பாரு. உங்க வீட்டுக் கல்யாண போட்டோவைப் போட்டுப் பாருங்க. கறுத்த தோல், நரைச்ச தலை, சக்கர நாற்காலி, அம்மா தோள்ல தூங்குற குழந்தை, எல்லாம் இருக்கிற படமா எடுங்க. யார் காணாம போறாங்கன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

அந்த போன் கால்

அன்னிக்கு ராத்திரியே சரி பண்ணிட்டேன். சி.எஸ்.எஸ்.ல கவர்னு இருந்ததை கன்டெய்ன்னு மாத்தினேன். சர்வர்ல தம்ப்நெயில்களைச் சதுரமா வெட்டாம மறுபடி உருவாக்கினேன். பக்கம் முன்ன மாதிரி அழகா இல்லை. படத்துக்கு மேலயும் கீழயும் பட்டை பட்டையா காலி இடம். ஆனா தாத்தா எல்லாப் படத்துலயும் வந்துட்டாரு.

அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணிச் சொன்னேன். பார்த்தாங்க, சந்தோஷப்பட்டாங்க. அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. "அண்ணா, கீழே எல்லார் பேரும் போட்டிருக்கீங்களே, அதுல அவர் பேரும் வருமா?"

பழைய குரூப் போட்டோவுக்குக் கீழ, அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள், இடமிருந்து வலம்னு அச்சடிச்சிருப்பாங்க இல்லையா, அதைப் பார்த்துத்தான் நான் டைப் பண்ணினேன். எடுத்துப் பார்த்தேன். எந்த வருஷத்து அட்டையிலயும் அவர் பேர் இல்லை. ஆயாம்மா பேரும் இல்லை. இது என் கோட் வெட்டினது கிடையாது. அட்டை அச்சடிக்கும்போதே விட்டுட்டாங்க.

அவங்க பேர் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணினேன். ஆயாம்மா பேரையும் அவங்களே விசாரிச்சு அடுத்த நாள் அனுப்பினாங்க.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நீங்க செஞ்ச பக்கமோ, தினமும் பார்க்கிற பக்கமோ, அதுல ஒரு குரூப் போட்டோவோட தம்ப்நெயிலைத் தேடுங்க. சின்னப் படத்துல எத்தனை தலைன்னு எண்ணுங்க. அப்புறம் முழுப் படத்தைத் திறந்து மறுபடி எண்ணுங்க. ரெண்டு எண்ணும் வேற வேறயா இருந்தா, விட்டுப் போனது யார்னு பார்த்து எங்களுக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.